தோலோடு ஒரு மீன்

"என் மீனுக்குத் தோல் எங்கங்க?"

மெட்காஃப் மீன் உணவகத்தில் இப்படியொரு கேள்வியை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கேட்டவர்கள் உயிரோடு வெளியே வராததால் நமக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

அன்று திங்கட்கிழமை. ஈஸ்டருக்கு ஆறு நாள். எங்கள் வடகோடிச் சாண்ட்ஸ்கார் துறைமுகத்தில் மழை சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு மேசையும் நிறைந்து, சன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி. நனைந்த கோழி மாதிரி உள்ளே வந்தவனைப் பரிமாறும் மேவிஸ் தினமும் வரும் நாங்கள் மூன்று பேர் இருந்த மேசையின் நாலாவது நாற்காலியில் உட்கார வைத்தாள். கூட்ட நாளில் முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம். ஒருவரைப் பற்றி ஒருவர் எதுவும் கேட்காமல் எழுந்து போவதும் வழக்கம்தான். அந்த இரண்டாவது வழக்கத்தை எங்கள் மேசை கடைப்பிடிப்பதில்லை.

தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. பெயர் ஜூலியன் பென்ஃபோல்ட். வயது முப்பத்தாறு. தெற்கே கென்ட் பக்கம். மலைமேல் இருக்கும் தேவாலயத்தில் உள்ள ஆர்கன் என்ற குழாய் வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்க வந்திருக்கிறான். சனிக்கிழமை காலை கிளம்பிவிடுவான். கல்யாணம்... ஆகவில்லை.

இந்தக் கடைசித் தகவலை நாங்கள் மூவரும் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்ட நேரத்தில்தான் தட்டு வந்தது. அவனும் அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தான்.

மேவிஸ் ரொட்டி, வெண்ணெய்த் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். கூடத்தின் கோடியில், கொதிக்கும் மாட்டுக் கொழுப்புக்கு முன்னால் நின்று மீன் பொரித்துக்கொண்டிருந்த, கடைக்காரர் மகள் ஹெட்டி திரும்பிப் பார்த்தாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

"யாருக்குத் தோல் வேணும்?"

அவன் நிமிர்ந்தான்.

புயல் ஓய்ந்த மறுநாள் காலை கடல் ஒரு நிறத்தில் இருக்குமே... சாம்பலும் இல்லை, பச்சையும் இல்லை... அந்த நிறத்தில் ஹெட்டிக்கு இரண்டு கண்கள். இந்த ஊரில் நாங்கள் தினமும் பார்க்கும் கண்கள்தான். அவன் பார்த்த விதத்தைப் பார்த்த பிறகு நாங்களும் ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டோம்.

"இல்லைங்க... எங்க ஊர்ல தோலோடதான் பொரிப்பாங்க. அதான்..."

"உங்க ஊர்ல வாழைப்பழத்தையும் தோலோடதான் தின்பீங்களா?"

"ஐயோ, குறையா சொல்லலைங்க."

"தோல உரிக்காமப் போடறது சோம்பேறித்தனம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தக் கடையில தோலோட ஒரு மீன் வெளிய போனதில்ல. ஆறிப்போவுது, சாப்பிடுங்க."

அவன் முள்கரண்டியால் மெல்லத் தொட்டான். பொன்னிற மேலோடு 'கறுக்' என்று உடைந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஹாடக் மீன்... இதழ் இதழாகப் பிரிந்து, ஆவி விட்டது. ஒரு வாய் வைத்தான். கண்ணை மூடினான். திறக்கவே இல்லை. தெற்கத்திக்காரர்களுக்கு இதயம் பலவீனம் என்று கேள்விப்பட்டிருந்ததால் எங்களுக்குக் கொஞ்சம் கவலையாகிவிட்டது.

"மேடம்..." என்றான் கடைசியில், தேவாலயத்தில் பேசுவது போன்ற குரலில். "நீங்க கடிகாரத்தையே பாக்கலையே. எப்ப எடுக்கணும்னு எப்படித் தெரியுது?"

ஹெட்டியை இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

"கேட்டுத்தான்" என்றாள், கோபம் கொஞ்சம் இறங்கி. "போட்டதும் மீன் கூச்சல் போடும். அப்புறம் அடங்கும். அடங்கி முடிக்கறதுக்கு முன்னாடி மெலிசா ஒரு சத்தம்... மழை விடறப்ப கூரையில கேக்குமே, அது மாதிரி. அந்த நேரம் எடுத்துடணும்."

"கடவுளே!" என்றான் அவன். உண்மையாகவே சொன்னான். காதால் பிழைக்கிறவனுக்குத்தானே காதின் அருமை தெரியும்!

ஹெட்டி சரேலென்று திரும்பிப் போனாள். கன்னம் சிவந்திருந்தது. கொழுப்பின் அனல் என்று அவள் மேவிஸிடம் சொன்னாளாம்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வயது முப்பத்து நாலு. தலையில் எப்போதும் நீலத் துணியை இறுக்கிக் கட்டியிருப்பாள். ஒன்பது வருடத்துக்கு முன், கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருந்தபோது, கீத் என்ற வங்கி குமாஸ்தா மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். "எவ்வளவு குளிச்சாலும் உன் முடியில அந்தக் கொழுப்பு வாசனை போக மாட்டேங்குதே" என்பது அவன் சொன்ன காரணம். அன்று கட்டிய துணி. ஆண் யாராவது ஒரு கை தூரத்துக்குள் வந்தால் இவள் தானாகவே பின்னால் நகர்வாள். அந்த அடுப்புதான் அவளுக்கு எல்லாம்; அந்த அடுப்பினாலேயே தனக்கு யாரும் கிடையாது என்றும் முடிவு கட்டியிருந்தாள்.

செவ்வாயன்று அவன் வந்தான். புதனும் வந்தான். தோலைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இன்னிக்காவது வயிறு நிறைஞ்சுதா, இல்ல தோலுக்கு ஏங்குதா?" என்றாள் ஹெட்டி.

"ஏங்குதுங்க. ஆனா தோலுக்கு இல்ல."

மேவிஸ் மசித்த பட்டாணியை எங்கள் மடியில் கொட்டினாள்.

புதனன்றே அவனுக்கு ஒரு சங்கடமும் வந்தது. ஆர்கனுக்குச் சுருதி சேர்ப்பது ஓராள் வேலை இல்லை. ஒருவர் வெளியே உட்கார்ந்து சுரக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். இவன் பெட்டிக்குள் இருட்டில் தவழ்ந்து போய்க் குழாயைத் தட்டிச் சரிசெய்வான். கட்டை பிடித்த கோயில் பணியாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"நாளைக்குக் கடை திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம்... வருவீங்களா?" என்று ஹெட்டியிடமே கேட்டான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

"வாசிக்க வேணாம். கேட்டா போதும்."

போனாள். வியாழன் காலையில் எங்கள் ஆள் ஒருத்தி பலிபீடத்துப் பித்தளையை மெருகேற்றிக்கொண்டிருந்தாள். ஒரே மெழுகுவர்த்தித் தாங்கியை இரண்டு மணி நேரம் தேய்த்தாளாம். அவள் சொன்னதுதான் இது.

ஹெட்டி ஒரு கட்டையை அழுத்தினாள். இரண்டு குழாய்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் 'வ்வௌ... வ்வௌ...' என்று நடுங்கின. உள்ளே அவன் தட்டினான். நடுக்கம் மெதுவானது... இன்னும் மெதுவானது... சட்டென்று இரண்டும் ஒரே குரலாகி, கூரைவரை நிமிர்ந்து நின்றன. ஹெட்டிக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை இந்த ஆர்கனைக் கேட்டிருப்பாள்! அது பிறக்கிற இடத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

பத்தாவது குழாயில், சுருதி சேர்ந்துவிட்டது என்று அவன் வாய் திறப்பதற்கு முன் அவளே, "இப்ப!" என்றாள்.

உள்ளேயிருந்து சிரிப்பு. "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"மீன் எடுக்கற நேரம் மாதிரியே இருந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில் தண்ணீர் குடிக்கப் போன ஹெட்டி, சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வந்துட்டீங்களா? கொழுப்பு வாசனை அடிச்சுது... நீங்கதான்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

அவள் விரல் கட்டையைத் தொடவே இல்லை. தலைத்துணியை இன்னும் இறுக்கினாள். எழுந்தாள். அவன் தவழ்ந்து வெளியே வந்தபோது வெறும் பலகைதான் இருந்தது.

அன்று மாலை அவன் உணவகத்துக்கு வந்தான். மேவிஸ் வாசலிலேயே மறித்தாள்.

"இடமில்ல ராசா."

அவளுக்குப் பின்னால் ஏழு மேசை காலியாக இருந்தது.

பெரிய வெள்ளி விடிந்தது. அன்று மீன் தின்னாதவன் இந்த நாட்டிலேயே கிடையாது. மதியம் பன்னிரண்டுக்கு வரிசை வாசலில் தொடங்கி, துறைமுகச் சுவரைச் சுற்றி, உயிர்காப்புப் படகுக் கொட்டகைவரை நீண்டிருந்தது. அந்த நாள் பார்த்து ஹெட்டியின் அப்பா ஆர்தர் ஒரு காரியம் செய்திருந்தார். அடுப்புக்கு மேலே, புகை இழுக்க, பழைய விசிறியைக் கழற்றிவிட்டுப் புத்தம் புதிய மின்விசிறி! போட்டதும் கட்டடமே ஆகாயத்தில் கிளம்புவது போல ஓர் உறுமல்.

முதல் மீன் வெளுத்து வந்தது. இரண்டாவது கறுத்து வந்தது. ஒரு பெரியவர் தட்டைத் திருப்பி அனுப்பினார். மெட்காஃப் வரலாற்றில் திரும்பி வந்த முதல் தட்டு!

"கேக்கலப்பா..." என்றாள் ஹெட்டி. "எனக்கு ஒண்ணுமே கேக்கல."

"கடிகாரத்தப் பாத்து எடும்மா!"

"எந்த மீனுக்கு எவ்வளவு நேரம்? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கனம்! எனக்குக் கேட்டாத்தான் தெரியும்."

"விசிறிய நிறுத்தினா புகையில அத்தனை பேரும் செத்துடுவாங்களே!"

அப்போதுதான் அது நடந்தது. வரிசையில் நாற்பத்தேழாவதாக நின்றிருந்த ஜூலியன் வரிசையை மீறினான். கொலை செய்திருந்தால்கூட அங்கே நின்றவர்கள் மன்னித்திருப்பார்கள்.

"ஏய், பின்னாடி போ! நாங்கல்லாம் மனுஷங்க இல்லியா?"

அவன் காதில் வாங்கவில்லை. தோள்பையோடு நேராக அடுப்புக்குப் பின்னால் போய் ஏணியில் ஏறினான். "ஆர்கனுக்குக் காத்து ஊதறதும் இதே மாதிரி விசிறிதாங்க" என்றான் ஆர்தரிடம். "ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க." விசிறியின் கால்களுக்கு அடியில், பையிலிருந்த ஆட்டுத்தோலும் கம்பளித் துண்டும் திணித்தான். தளர்ந்திருந்த பட்டையை இறுக்கினான். மறுபடி போட்டபோது உறுமல் போய், பூனை குறட்டை விடுகிற மாதிரி ஒரு முனகல்.

அதோடு விடவில்லை. ஏணியில் நின்றபடியே கூட்டத்தைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தான்.

அறுபது பேர். அதில் நாங்கள் மூன்று பேரும் அடக்கம். வாய் மூடினோம். மேவிஸ் வாய் மூடினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்டி ஒரு மீனை மாவில் தோய்த்து விட்டாள். 'சோ'வென்று மழை கொட்டுவது போல் ஓசை எழுந்தது... குழந்தைகள்கூட மூச்சு விடவில்லை. மழை மெல்லத் தணிந்தது. தூறலானது. பிறகு, கூரையின் விளிம்பிலிருந்து சொட்டுவது போல, மெலிதாக, மிக மெலிதாக, ஒற்றைக் குரல்... ஐம்பது வருடமாக இங்கே மீன் தின்கிறோம். மீன் பாடும் என்று எங்களுக்குத் தெரியாது!

"இப்ப!"

இரண்டு பேர் சொன்னார்கள். ஒரே நேரத்தில்.

எடுத்த மீன் பொன்னாக மின்னியது. கூடமே கை தட்டியது. ஹெட்டி மட்டும் ஏணிப் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. அவன் எங்கள் மேசையின் நாலாவது நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். இந்த முறை மேவிஸ் மறிக்கவில்லை. ஹெட்டி வந்து, சரியாக ஒரு கை தூரத்தில் நின்றாள்.

"விசிறிக்கு நன்றி. என்ன சாப்பிடறீங்க?"

"நேத்து நான் சொன்னது..."

"வாசனைதானே? புதுசா கேக்கறதில்ல. விடுங்க."

"விட முடியாதுங்க." அவன் எழுந்து நின்றான். "அந்தப் பெட்டிக்குள்ள கும்மிருட்டு. நாலு நாளா ஈயமும் எலிப்புழுக்கையும்தான் மோந்துக்கிட்டுக் கிடந்தேன். திடீர்னு உங்க வாசனை வந்துச்சு. யாரோ உள்ள விளக்கேத்தி வெச்ச மாதிரி இருந்துச்சு... அதச் சொல்லத் தெரியாம உளறிட்டேன். ஊர் ஊரா போறவன் நான். எந்த ஊர்லயும் ஒருத்தர் வந்தது, கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சதில்ல. ஹெட்டி... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. நாளைக்குக் கிளம்பணும். கிளம்ப மனசே இல்ல."

ஹெட்டி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

அவன் முகம் விழுந்துவிட்டது. எங்களுக்கும்தான்.

பிறகு மறுபடி அந்த மழை ஓசை கேட்டது. தணிந்தது. நின்றது. ஹெட்டி தானே ஒரு தட்டைச் சுமந்து வந்து அவன் முன்னால் வைத்தாள். முள்கரண்டியால் மீனைப் புரட்டி, மேலோட்டை விலக்கினாள்.

வெள்ளிச் சாம்பலாக, பளபளவென்று... தோல்! அதன் தோள்பட்டையில், ஹாடக் மீனுக்கு மட்டுமே உள்ள, கட்டைவிரல் வைத்து அழுத்தியது போன்ற அந்தக் கரும்புள்ளி. உரித்தே பழகிய எங்கள் கடையில் யாரும் தட்டில் பார்த்திராத புள்ளி.

ஆர்தர் உருளைக்கிழங்கு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். "தோலோடவா..."

"ஆமாப்பா. தோலோடதான்" என்றாள் ஹெட்டி.

கை உயர்ந்தது. ஒன்பது வருடமாக யாரும் அவிழ்த்துப் பார்க்காத நீலத் துணியின் முடிச்சை அவளே அவிழ்த்தாள். செம்பட்டைக் கூந்தல் தோளில் சரிந்தது. ஒரு அடி முன்னால் வந்தாள். இன்னும் ஒரு அடி...

"வாசனை அடிக்குதா?"

"அடிக்குது."

"அப்ப... போகாதீங்க."

நாகரிகம் கருதி நாங்கள் மூவரும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம். ஆவி படிந்திருந்த கண்ணாடியை மேவிஸ் ஓடி வந்து துணியால் துடைத்துவிட்டாள். அதில் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது.