பழைய பள்ளிக்கூடத்தில் பெரட்டு

பிள்ளைகள் உட்காரும் எல்லா வாங்குகளிலும் தூசி படிந்திருந்தது. கடைசி வாங்கில் மட்டும் இல்லை.

பெற்றீசியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பொகவந்தலாவைக்கு மேலே, தேயிலைக்கு நடுவே நின்ற அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்படித்து, சுற்றுலாக்காரர் பார்ப்பதற்கென்று திறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காவலுக்கு இருந்த நல்லமுத்து வாசலிலேயே பாப்பாவின் பெயரைக் கேட்டார். பிறகு வயதைக் கேட்டார். பெற்றீசியாவிடம் எதுவும் கேட்கவில்லை.

ஷிராணி, எட்டு வயது என்று பிள்ளையே சொல்லிவிட்டது.

அவர் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். தேயிலைச் செடியின் உயரம். அந்தக் காலத்தில் பிள்ளையின் தலை கோட்டைத் தாண்டினால் படிப்பு முடிந்தது. மறுநாள் மலையில் வேலை. ஷிராணி ஓடிப்போய்க் கோட்டோடு ஒட்டி நின்றாள்.

“கோட்டுக்கு மேல ரெண்டு விரக்கடை கூடவே இருக்காங்க பாப்பா” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பெற்றீசியாவுக்குப் பிடிக்கவில்லை. தலையில் கூடைக் கயிறு மாட்டிப் பத்து வருடம் கொழுந்து பறித்தவள் அவள். மகள் மலை ஏறக்கூடாது என்பதற்காகவே தோட்டத்தை விட்டு ஹட்டனில் மருந்துக்கடை வேலைக்குப் போனவள்.

தேத்தண்ணி கொண்டுவருவதாகச் சொல்லி அவர் பின்பக்கம் போனார். மூன்று மணிக்கே இறங்கிய மூடுபனி சன்னல்கள் வழியே உள்ளே வந்து, நனைந்த சாக்கும் பச்சைக் கொழுந்தும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனையைப் பரப்பி, கரும்பலகையை, கோட்டை, கடைசி வாங்கை ஒவ்வொன்றாக மூடியது.

முன்பக்கம் யாரோ பெயர் கூப்பிட்டார்கள்.

“அம்மாக்கண்ணு.”

ஒரு பிள்ளைக் குரல் பதில் சொன்னது.

“சின்னத்தம்பி.”

இன்னொரு குரல். மிக அருகில்.

பெரட்டு. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுவது இப்படித்தான். சுற்றுலாக்காரருக்காக நல்லமுத்து பதிவுசெய்து வைத்திருப்பார் என்று நினைத்தாள்.

“ஷிராணி.”

இதற்குத்தான் பெயர் கேட்டாரா?

“ஷிராணி.”

மூன்று முறைக்குள் பதில் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. பிந்தி வருகிறவளுக்காகப் பக்கத்தில் நிற்பவள் பதில் சொல்வாள். தன் அம்மாவுக்காகப் பெற்றீசியா எத்தனையோ காலைகளில் சொல்லியிருக்கிறாள்.

“ஷிராணி.”

“இருக்காங்க.”

வாய் முந்திவிட்டது.

அதோடு பெயர் கூப்பிடுவது நின்றது.

பின்வாசலில் கோப்பை உடைந்தது. நல்லமுத்து அங்கே நின்றார். முன்பக்கம் போகவே இல்லை அவர்.

“யாருங்க பதில் சொன்னது?” என்றார். உதடுகள் வெளுத்திருந்தன. “பெத்தவங்களே சொல்லிட்டீங்களா?”

பெற்றீசியா மகளைத் தூக்கினாள். பாரம். பிள்ளையின் பாரம் இல்லை. பின்பக்கமாக இழுத்தது.

“அம்மா, தலை வலிக்குது.”

முடியை விலக்கினாள்.

நெற்றிக்கு மேலே, குறுக்காக, கூடைக் கயிறு அழுந்தும் பள்ளம். கூடை இல்லை. கயிறு இல்லை. பள்ளம் மட்டும், அவள் பார்க்கப் பார்க்க, ஆழமாகிக்கொண்டிருந்தது.