கண்டென்சரில் மிச்சமிருந்தது

மத்தியானம் மூணு மணி. மூன்று மாடி ஏறிய மெக்கானிக், அழைப்பு மணியை அமுக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கதவைத் திறந்த அம்மா, "ஆம்ப்ளிஃபையர் பார்க்க வந்தவர்தானே?" என்று கோடி அறைக்குக் கூட்டிப்போனார்.

பூசண வாடை. மூலையில் போர்வை போர்த்திக் கிடந்தது அந்தக் கிடார் ஆம்ப்ளிஃபையர்.

"எங்க வீட்டுக்காரர் வாங்கினது. அவர் போனப்புறம் நான் தொட்டதே இல்ல. எந்த வருஷத்துதுன்னு பார்த்துச் சொல்லுங்க சார்," என்றுவிட்டு அந்த அம்மா அடுப்படிக்குப் போனார்.

மெக்கானிக் பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தார். ஸ்பீக்கர் இரும்பில் குத்தியிருக்கும் எண்ணிலேயே வருஷமும் வாரமும் இருக்கும். வாசித்தார். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணையும் வாசித்தார். அது மட்டும் ஏழு வருஷம் பிந்தியது.

அதை மாற்றிப் போட்டதே அவரும் அவர் தம்பியும்தான்.

வால்வு பெட்டி பொல்லாதது. பிளக்கைப் பிடுங்கினாலும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற கண்டென்சரில் நானூறு வோல்ட் அப்படியே தங்கும். கம்பியை வைத்து அதை இறக்கிவிட்டுத்தான் கை வைக்கணும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஏதோ பேச்சு மும்முரத்தில், இறக்காமலே இறக்கியாச்சு என்று சொன்னவர் அண்ணனான இவர். நம்பிக் கை வைத்தவன் தம்பி. கிடார் வாசிக்கிற கை. அங்கேயே உயிர் போய்விட்டது. அந்த வாரமே பெட்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்த மனுஷன், பிறகு ஊர் ஊராக அதையே தேடி அலைந்தார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வேறு இடம் ஏது, பாவம்.

பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. தூசி சூடாகிற வாடை. ஸ்பீக்கர் அடித்தொண்டையில் உறுமியது. கிடார் எதுவும் அதில் மாட்டியிருக்கவில்லை.

ஒரு தந்தி அதிர்ந்தது.

மறுபடியும். யாரோ சுருதி சேர்த்துப் பார்க்கிறார்கள்.

"அண்ணா."

மெக்கானிக் ஸ்விட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். வால்வுகள் கறுத்தன.

"அண்ணா, இருட்டா இருக்குண்ணா."

"இதோ வந்துட்டேன்டா," என்றவர், கிணற்றில் விழுந்த பிள்ளையை எட்டிப் பிடிக்கிற மாதிரி முழங்கைவரை உள்ளே விட்டார். விரல்கள் கண்டென்சர் முனைகள்மேல் அழுந்தின. அப்புறம்தான் உறைத்தது, இறக்கவில்லை என்று.

கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. அரை நிமிஷத்துக்கு முன் ஓடிய பெட்டி, துளி மின்சாரம் இல்லாமல் வெறும் தகரமாக இருந்தது.

"இறக்கிட்டேண்ணா," என்றது குரல், காதோரம்.

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். "வருஷம் தெரிஞ்சுதா சார்?" என்று அடுப்படியிலிருந்து அந்த அம்மா கேட்டார். அவரால் கையை வெளியே எடுக்க முடியவில்லை. உள்ளே அந்தக் கையை வேறு ஐந்து விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன.