இரவல் கோட்டு

டெலிபோன் அலறியது.

பயிற்சியாளர் வாயிலிருந்த காபியை அவசரமாக விழுங்கிவிட்டு ரிசீவரை எடுத்தார்.

"வேலைவாய்ப்பு உதவி மையம்தானே? இன்ஸ்பெக்டர் பேசறேன். கால்வாய்ல ஒரு பாடி. நீலக் கோட்டு. காலர்ல உங்க மையத்து முத்திரை இருக்கு."

காபி பாதி வழியில் நின்றது.

"ஒல்லியா... முப்பது வயசு?"

"அட, தெரிஞ்ச ஆளா? ஆஸ்பத்திரி பிணவறைக்கு வாங்க!"

தெரியாமல் என்ன? வாயில்லாப்பூச்சி!

மையத்தில் அவனுக்கு அதுதான் பெயர். வேலை தேடுபவர்களுக்காக நகராட்சி நடத்தும் மையம் அது. நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை நடக்கும். நல்ல உடுப்பு இல்லாதவர்களுக்குக் கோட்டு இரவல் கிடைக்கும். 'குறை இருந்தால் அவர்கள் கேட்கும் முன் நீயே சொல்லிவிடு' என்பது முதல் பாடம். ஒத்திகையில் முரட்டு முதலாளி வேஷம் கட்டுவதில் பயிற்சியாளர் புலி.

நேற்று மாலை புலி கொஞ்சம் அதிகமாகவே பாய்ந்துவிட்டது.

"உன்னைப் பத்திச் சொல்லு!"

"சார்... நான்... வந்து..."

"வந்து? போயி? இருக்கறது ஒரே ஒரு ஸ்டோர் கீப்பர் வேலை. நாளைக்குப் போறது நீங்க ரெண்டு பேர். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாரு, என்னமா பேசறான்! அவன் இருக்கிற வரைக்கும் உனக்கு இந்த வேலை கிடைக்காது. இந்த மூஞ்சிக்கு எவன்டா வேலை குடுப்பான்?"

அறையே சிரித்தது. வாயில்லாப்பூச்சியின் கண்கள் நிறைந்தன. இரவல் கோட்டோடு எழுந்து, வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

'ஒத்திகைதானேப்பா' என்று கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயிற்சியாளர் சொல்லவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார்.

டாக்ஸியில் போகும்போது அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது. 'ஒரு ஏழையை என் வாயாலேயே கொன்னுட்டேனே...'

பிணவறை வாசலில் இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் உடைந்துவிட்டார்.

"அவனைக் கொன்னது நான்தான் சார்!"

இன்ஸ்பெக்டர் டீக்கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பரவாயில்லையே, வேலை சுலபமா முடிஞ்சுது! எதால அடிச்சீங்க?"

"அடிச்சேனா? கால்வாய்ல விழுந்து தற்கொலை..."

"தற்கொலையா? பின்மண்டையில அடிச்சு, அப்புறம் கால்வாய்ல தள்ளியிருக்காங்க. கொலை சார்!"

துணி விலகியது.

பயிற்சியாளர் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

அது வாயில்லாப்பூச்சி இல்லை!

நேற்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவன். வாய்ஜாலம் என்று பேர் வாங்கியவன். அவனும் அதே மையத்தில், அதே நீலத்தில் கோட்டு இரவல் வாங்கியிருந்தான்.

'அப்பாடா! அவன் இல்லை...'

அடுத்த கணமே கூசிப்போனார். பிணத்தின் முன்னால் நின்று யாராவது அப்பாடா சொல்வார்களா?

"இது இவன் கைக்குள்ள இருந்தது." இன்ஸ்பெக்டர் ஒரு கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நீலப் பட்டன். "இவன் கோட்டுல எல்லாப் பட்டனும் பத்திரமா இருக்கு. அப்ப இது..."

பயிற்சியாளரின் செல்போன் அடித்தது.

"சார்! நான்தான் சார்... வேலை கிடைச்சிருச்சு!"

வாயில்லாப்பூச்சி! பயிற்சியாளருக்கு அழுகையே வந்துவிட்டது. சந்தோஷத்தில் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"கேளுங்க இன்ஸ்பெக்டர்... உயிரோட இருக்கான்!" என்று கிசுகிசுத்தார். பிறகு போனில், "எப்படிப்பா கிடைச்சுது?"

"இன்டர்வியூவுக்கு நான் ஒருத்தன்தான் சார் வந்தேன். கூச்சமே படாம பேசினேன். எல்லாம் நீங்க போட்ட பிச்சை. ஆனா ஒண்ணு சார்... குறை இருந்தா நாமளே முந்திக்கிட்டுச் சொல்லிடணும்னு சொல்வீங்கல்ல?"

"ஆமாப்பா, சொல்லு."

"கோட்டுல ஒரு பட்டன் பிஞ்சு போச்சு சார். ராத்திரி எங்கயோ விழுந்திருச்சு. அபராதம் உண்டா?"

இன்ஸ்பெக்டர் கவரைப் பார்த்தார். பயிற்சியாளரும் பார்த்தார்.

பட்டன் பளபளத்தது.

"நேத்து நீங்க மட்டும் அப்படிச் சொல்லலேன்னா எனக்குத் தோணியே இருக்காது சார்," என்றான் வாயில்லாப்பூச்சி, நன்றியோடு.

"எ... எப்படிச் சொன்னேன்?"

"அவன் இருக்கிற வரைக்கும்னு..."

லைன் துண்டிக்கப்பட்டது.

பயிற்சியாளர் போனை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"முதல்ல சொன்னதே சரி இன்ஸ்பெக்டர். ரெண்டு பேரையும் கொன்னது என் வாய்தான்..."

"வாய்க்கு விலங்கு மாட்டறதுக்குச் சட்டத்துல இடம் இல்ல சார். நீங்களா மாட்டிக்கிட்டாத்தான் உண்டு."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"அந்த ஸ்டோர் கீப்பர் வேலை மறுபடி காலி சார்... இந்தத் தடவை ஒருத்தரை மட்டும் அனுப்புங்க!"