ஏழாம் தட்டு

ஏழாம் தட்டின் மூடியில் அனுசுயா வைத்த சந்தனப் பொட்டைக் காணோம். மற்ற பதினோரு தட்டுகளிலும் அது காய்ந்து வெடித்து அப்படியேதான் இருந்தது.

ரெட்டிபாளையம் சாலையோரம் இருந்த அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்தின் குளிர் அறையில், விண்வெளியில் நாலு மாதம் மிதந்து வளர்ந்து திரும்பிய புரதப் படிகங்களை மருந்துக் கம்பெனிக்காகப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அவற்றுக்கு அதிர்வே ஆகாது. அவற்றைக் கொண்டுவந்து சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வைத்த புத்திசாலி யாரோ! தினமும் ஒன்றரை மணிக்கு அங்கே வெடி வைக்கும்போது அதிர்வு உள்ளே வராதபடி இந்த அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் உள்ளே இருப்பவர் உள்ளேதான்.

ஆயுத பூஜையன்று தட்டுகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது அவள்தான். ஏழாம் தட்டில் வழிந்ததைத் துடைக்கப்போய் மூடி நழுவி, உள்ளே படிகம் மிதந்த சொட்டு விரலில் பட்டுவிட்டது. சட்டென்று மூடினாள். விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை வழக்கம்போலக் கழுத்துக்குழியில் தடவிக்கொண்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அலையாய் அலைந்து கிடைத்த வேலை. மகள் தமிழ்மொழிக்கு அவளை விட்டால் யாருமில்லை.

குனிந்து பார்த்தாள். தட்டுக்குள் படிகமும் இல்லை.

சுரங்கத்தில் சங்கு ஊதியது. கதவு பூட்டிக்கொண்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம். கற்கண்டைக் கடிப்பது போல, மெல்லிசாக. தட்டுகளில் காது வைத்துப் பார்த்தாள். இல்லை. எச்சில் விழுங்கினாள். மறுபடியும் கேட்டது.

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் பிரேமின் குரல் வந்தது. வெளியே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன். “அக்கா, உள்ள மாட்டிக்கிட்டீங்களா? அவசரம்னா சொல்லுங்க, தொறந்துடுறேன். ஆனா தட்டு அத்தனையும் வீணாப்போயிரும்.”

சொன்னால் மூடி நழுவியதையும் சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கிக்குக் கீழிருந்த பொத்தானை அழுத்தினாள். “வேணாம் தம்பி. இருந்துக்கறேன்.” குரல் கரகரத்தது.

வெடி. தரை லேசாக நடுங்கியது. கழுத்துக்குழியில் ஏதோ திரும்பிப் படுத்தது.

பயத்தில் எல்லாம் மறந்துபோனது. வேலை போனால் போகட்டும். ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தினாள். வாயைத் திறந்தாள்.

காற்றுகூட வரவில்லை.

“அக்கா? சொல்லுங்கக்கா.”

கடிபடும் சத்தம் மட்டும்.

“லைன் சரியில்ல போல. ரெண்டு மணிக்கு வரேங்க்கா.”

கதவைத் தட்டக் கை ஓங்கினாள். கதவுக் கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தாள். தோல் இல்லை. தெளிவான, கூரான படிகப் பட்டைகள். அவற்றின் நடுவே, ஈரம் காயாமல், வட்டம் கலையாமல், அவள் ஏழாம் தட்டுக்கு வைத்த பொட்டு.