சாப்பறை ஒலிக்காத கரை

மேற்றிசைக் குன்றுகளின் பின்னே கதிரவன் மறைந்து வெகுநேரம் ஆகவில்லை. அந்திச் செக்கர் இன்னும் பெண்ணையாற்றின் அலைகளில் மிதந்துகொண்டிருந்தது. வடகரையில் வெண்கோட்டையின் நெடுமதில் வானைத் தொட முயன்று பாதியிலே களைத்து நின்றது. அதன் உச்சியில் காவற்பந்தங்கள் ஒவ்வொன்றாகக் கண்விழித்தன. தென்கரையிலோ, நாணற்காட்டுக்கும் தாழை வேலிக்கும் அப்பால், புறஞ்சேரியின் குடிசைகள் ஒரு விளக்கும் இன்றிக் குனிந்து கிடந்தன. தேய்பிறைக் காலமாதலால் நிலா எழ இன்னும் நேரம் இருந்தது.

வாசகர்களே, இந்த ஆற்றின் ஓடக்காரர்களுக்குள் தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கரையிலிருந்து சாப்பறை முழங்கினாலும் உடனே துடுப்பை நீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துவிடுவார்கள், தலைப்பாகையையும் அவிழ்த்துவிடுவார்கள். பறை ஓய்ந்த பிறகே ஓடம் நகரும். ஓடத்தில் இருப்பவன் அரசனே ஆனாலும் சரி, அவனுக்குத் தலைபோகிற அவசரமே ஆனாலும் சரி. சாவுக்கு வழிவிடாத ஓடம் கரை சேராது என்பது அவர்கள் நம்பிக்கை. கடந்த அமாவாசை முதல் அந்த ஓடக்காரர்கள் ஒருமுறைகூடத் துடுப்பை மடியில் வைக்கவில்லை. கோட்டையில் இருந்தவர்களுக்கு ஐயத்தை ஊட்டியது அதுதான்.

அன்று பிற்பகல் கோட்டைத் தலைவர் வேள் பொறையனின் மந்திராலோசனை மண்டபத்தில் நடந்ததை, ஒற்றர் தலைவன் சேந்தன் இப்போது நாணலுக்குள் பரிசலில் பதுங்கியிருந்தபடி எண்ணிப் பார்த்தான்.

"வேளே! கோட்டைக்குள் நச்சுச் சுரம் நுழையாத வீடு இல்லை. தங்கள் இளங்குமரரையே அது கொண்டுபோய்விட்டது. ஆனால் ஆற்றுக்கு அப்பால் புறஞ்சேரியிலிருந்து ஒரே ஒரு சாப்பறை கேட்டதா? அங்கே சாவே இல்லையா?" என்று படைத்தலைவர் கொங்கரையர் முழங்கினார். "கடந்த அமாவாசைக்குப் பிறகு இங்கே மாண்டவர்களுக்குப் பறை முழக்க அவர்களைக் கூவி அழைத்தோம், ஒருவனும் வரவில்லை. பகைவரிடம் கூலி வாங்கி நம் கிணறுகளில் நஞ்சு கலந்தவர்களுக்கு நம் முகத்தில் விழிக்கத் துணிவு எப்படி வரும்?"

மகனைப் பறிகொடுத்த வேளின் கண்கள் சிவந்திருந்தன. "சான்று வேண்டும், கொங்கரையரே" என்றார் மெல்ல.

"சேந்தன் போகட்டும். நஞ்சைக் கண்டால் அவன் ஒரு பந்தத்தை உயர்த்தட்டும். அந்தக் கணமே ஓடங்கள் புறப்படும். சேரி சாம்பலாகும்."

"காணாவிட்டால்?" என்று கேட்டவன் சேந்தன்.

"அப்போதும் ஓடங்கள் புறப்படும், நிலா எழுந்த பிறகு" என்றார் கொங்கரையர்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கொங்கரையரை மட்டும் குறை சொல்வானேன்? நம் சேந்தனும் அந்தப் பேயை நம்பித்தான் பரிசலில் ஏறினான். அவனும் போன மாதம் அதே சுரத்தில் படுத்துப் பிழைத்தவன். தன்னைப் படுக்கையில் தள்ளியவனைக் கண்டுபிடித்தால் சும்மா விடுவதாக இல்லை.

அப்போது கோட்டையின் நீர்வாயில் ஓசையின்றித் திறந்தது.

முக்காடிட்ட ஒரு பெண் வெளியே வந்தாள். துணியால் வாய் கட்டிய ஒரு பானையை இடுப்பிலிருந்து இறக்கி, காத்திருந்த சிறு பரிசலில் வைத்து, தானே துடுப்பெடுத்துத் தென்கரையை நோக்கித் தள்ளினாள். சேந்தனின் கை உடைவாளைத் தொட்டது. கோட்டைக்குள்ளிருந்தே ஒருத்தி! பகைவரின் கை அவ்வளவு நீளமா? பரிசல் அவனைக் கடந்தபோது காற்றில் முக்காடு விலகிற்று.

அவள் மருதி. அரச வைத்தியர் தாமோதரரின் வளர்ப்பு மகள். சுரத்தில் அவன் பிதற்றிக் கிடந்த இரவுகளில் நெற்றியில் ஈரத்துணி மாற்றியவள். அவன் எழுந்து உட்கார்ந்த நாளில், "இனி உமக்கு நான் தேவையில்லை" என்று சிரித்துவிட்டுப் போனவள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் அவன் இத்தனை நாளாகத் தூக்கத்தைத் தொலைத்திருந்தான் என்பதை நாம் மறைப்பானேன்?

சேந்தன் பின்தொடர்ந்தான். சேரிக்குள் மருதி தயங்காமல் நடந்தாள். ஒவ்வொரு சந்தும் அவளுக்குப் பழக்கம் போலிருந்தது. அவனது ஐயம் வளர்ந்தது. குடிசைக்குக் குடிசை நுழைந்தாள். அங்கிருந்த மண்கலயங்களில் தன் பானையிலிருந்து எதையோ ஊற்றினாள். அவனது ஐயம் உறுதியாயிற்று. கோட்டைக் கிணறுகளிலும் இப்படித்தானே ஊற்றியிருப்பாள்? அவன் இடையில் செருகியிருந்த பந்தத்தை எடுத்தான். ஒரு பொறி போதும், ஓடங்கள் புறப்பட்டுவிடும்.

அப்போது கடைசிக் குடிசைக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. கோட்டையில் அவன் கேட்ட குரல்தான், ஆனால் கோட்டையில் கேட்ட பேச்சு இல்லை.

"அத்தே, வாயத் தொற. கசக்கத்தான் செய்யும். ஒரு மடக்கு குடிச்சிடு, அத்தே."

"எனக்கெதுக்குடி? அந்தப் புள்ளைக்கு ஊத்து" என்றது ஒரு நைந்த குரல்.

வைத்தியர் மகளுக்குப் புறஞ்சேரியில் அத்தையா? சேந்தன் வாளை உருவிக்கொண்டு வாசலை மறித்தான்.

"மருதி! அசையாதே. அந்தப் பானையில் என்ன?"

அவள் திடுக்கிட்டது ஒரு கணந்தான். "நஞ்சு என்று நினைத்தீரா?" என்றாள். பானையை எடுத்து அவன் பார்க்க இரண்டு மடக்குக் குடித்தாள். பிறகு அவனிடம் நீட்டினாள். "உமக்குப் பழக்கமான நஞ்சுதான். குடித்துப் பாரும்."

நாவில் பட்டதும் சேந்தனின் உடல் சிலிர்த்தது. நிலவேம்புக் கஷாயம். அவனை எழுப்பி உட்காரவைத்த அதே கசப்பு.

ஆனாலும் ஒற்றனின் புத்தி அவ்வளவு எளிதில் அடங்குமா? குடிசையின் மூலையில், மருதி ஏற்றிவைத்திருந்த சிறு அகலின் ஒளியில், ஒரு சிறுமி முனகிக்கொண்டு கிடந்தாள். அவள்மேல் போர்த்தியிருந்தது பொற்கரை போட்ட நீலப்பட்டு. அதைச் சேந்தன் அறிவான். மாண்டுபோன இளங்குமரன் கடைசியாகப் போர்த்துக் கிடந்த பட்டு அது.

"அரண்மனைப் பட்டு இங்கே எப்படி வந்தது? திருட்டும் உண்டா?" என்று சீறினான்.

"திருட்டா?" மருதியின் குரல் தாழ்ந்தது. "மாண்டவர் உடுத்த துணி பறை முழக்குகிறவருக்கு என்பது உங்கள் கோட்டை வழக்கம் அல்லவா? முதல் சாவுகளுக்கெல்லாம் இவர்கள்தாம் வந்து முழக்கினார்கள். சுரத்தில் தோய்ந்த துணிகளைக் கூலியாகக் கொடுத்தனுப்பினீர்கள். அவற்றை வாங்கிவந்து பிள்ளைகளுக்குப் போர்த்தினார்கள். முதலில் போனவர்கள் பறைக்காரர்கள்தாம், ஐயா. ஒருவர் மிச்சமில்லை. இந்தச் சேரியில் சாவு இல்லாமல் பறை ஓயவில்லை. அடிக்கிற கை இல்லாமல் ஓய்ந்தது."

கோட்டை மாந்தர் நாள்தோறும் மதில்மேல் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது இந்த மௌனத்தைத்தானா? குடிசையின் பின்வாசலுக்கு அப்பால், விண்மீன் வெளிச்சத்தில், வரிசை வரிசையாகக் கிடந்த புது மண்மேடுகள் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டன. சில மேடுகள் கை நீளங்கூட இல்லை.

"உம்மைப் பிடித்ததும் இதே சுரந்தான்" என்று மருதி தொடர்ந்தாள். "கோட்டையில் பத்துப்பேர் படுத்தால் ஒன்பது பேர் எழுந்தீர்கள். காய்ச்சிய நீர், கஞ்சி, கஷாயம், பக்கத்தில் ஆள். இங்கே? கோட்டைக் கழிவெல்லாம் ஆற்றில் விழுந்து, வளைவில் திரும்பி, நேரே இந்தத் துறைக்கு வருகிறது. இவர்கள் குடிப்பது அதைத்தான். நோயுற்ற யாவர்க்கும் என்று வேளின் தாயார் கல்லில் வெட்டுவித்து, மருத்துவம் பார்க்க ஆதுலர்சாலை அமைத்தார். அந்தச் சாலைக்கு மலையேறி மூலிகை பறித்து வருகிறவர்கள் இவர்கள். ஆனால் சுரம் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். நான் அந்தியில் ஒரு பானை திருடிக்கொண்டு வருகிறேன். ஒரு பானை எத்தனை வாய்க்குக் காணும்?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. வாசகர்களே, தனக்கு வந்தவனுக்கும் அது தெரிவதில்லை. தன்னை எழுப்பி உட்காரவைக்க ஆள் இருந்ததை அவன் மறந்துபோகிறான். சேந்தன் வாளை உறையில் செருகிவிட்டு வெட்கத்தால் தலைகுனிந்தான். பந்தம் அவன் கையில் கனத்தது.

அதற்குள் கீழ்வானம் வெளுத்தது. தேய்ந்த நிலா பனைமரங்களுக்கு மேல் தலைநீட்டிற்று. எதிர்க்கரையில் நீர்வாயில் திறந்தது. தீப்பந்தங்கள் ஏந்திய ஓடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றில் இறங்கின.

"நான் போய்ச் சொல்கிறேன்" என்று சேந்தன் பதறினான்.

"இத்தனை நாளாகக் காதால் கேட்டதை நம்பியவர்கள் உம் ஒரு சொல்லையா நம்பப் போகிறார்கள்? காதால் கேட்கட்டும்." மருதி குடிசையின் பரணிலிருந்து ஒரு பறையை இறக்கினாள். விரலால் தட்டினாள், ஈரத்தில் தொய்ந்துபோன தோல் சப்பென்று ஒலித்தது. "தீயில் காய்ச்ச வேண்டும்."

தீ! சேந்தன் திகைத்தான். உள்ளே மூட்டினால் கூரை பற்றும். வெளியே மூட்டினால் கோட்டைக்குத் தெரியும்; நஞ்சைக் கண்டுவிட்டான் என்றே கொள்வார்கள். மறுகணம் அவன் தன் போர்வையை நீரில் நனைத்து, குடிசையின் பின்சுவருக்கும் வேலிக்கும் இடையே திரையாகக் கட்டினான். சேரியை எரிக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பிய அந்தப் பந்தத்தைச் சுவரோரம் தாழப் பிடித்துக் கொளுத்தினான். மருதி பறையைத் தழலின்மேல் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினாள். தோல் மெல்ல மெல்ல இறுகிற்று.

அவள் பறையை மாட்டிக்கொண்டு குச்சிகளைப் பிடித்த விதத்தைக் கண்டதும் அத்தையைப் பற்றிச் சேந்தனின் மனத்தில் இருந்த கடைசி ஐயமும் தெளிந்தது.

சாப்பறை முழங்கிற்று.

ஒரு சுற்று முழங்கி நின்றது. "கோவன்!" என்று மருதி கூவினாள். மீண்டும் ஒரு சுற்று. "கோவன் தம்பி காடன்!" மீண்டும் முழக்கம். "காடன் மகள் பூவி!" புறஞ்சேரியில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சுற்று, ஒரு பெயர், அதுதான் முறை. குடிசைக்குள்ளிருந்து அத்தையின் நைந்த குரல் மறந்துபோன பெயர்களை எடுத்துக்கொடுத்தது.

நட்டாற்றில் ஓடக்காரர்கள் துடுப்பை எடுத்து மடியில் வைத்தார்கள். தலைப்பாகைகள் அவிழ்ந்தன. ஓடங்கள் நீரில் தாமாக மிதந்தன.

"தள்ளுங்கள்! எதற்கு நிற்கிறீர்கள்?" என்று முன்னோடத்திலிருந்து கொங்கரையர் கத்தினார்.

"பறை கேக்குதுங்க, சாமி. ஓயட்டும்" என்றான் முதல் ஓடக்காரன்.

பறை ஓயவில்லை. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. மதில்மேல் மக்கள் கூடினார்கள். அவர்களுக்கு நடுவே வேள் பொறையனும் வந்து நின்றார். ஒரு மகனைப் பறிகொடுத்தவர் அந்தப் பெயர்களையெல்லாம் கேட்டுக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பற்றி நின்றார்.

"யார் அங்கே பறை அடிப்பது?" கொங்கரையரின் குரல் பறையொலியைப் பிளந்துகொண்டு வந்தது. "சேந்தா! இது எவனுடைய சூழ்ச்சி?"

சேந்தன் மருதியின் முன்னால் வந்து மறைத்து நின்றான். "சேரிக்காரன் யாரோ என்று சொல்லிவிடுகிறேன். நீ நாணலுக்குள் போய்விடு" என்று கிசுகிசுத்தான்.

மருதி அவனை விலக்கிவிட்டு நிலவொளியில் துறையின் விளிம்புக்கு நடந்தாள்.

"அடிக்கிறவள் மருதி! தாமோதரர் வளர்த்தார், பெற்றவர் இந்தத் துறையில் பறை முழக்கிய கோவன். முதலில் கூவிய பெயர் என் தகப்பனுடையது!"

கோட்டையில் யாருடைய கையால் மருந்து குடித்தோம் என்று மதில்மேல் நின்ற பலரும் அந்தக் கணத்தில் அறிந்தார்கள்.

"வைத்தியர் வீட்டில் வேடமிட்டு இருந்தவளா!" என்று கொங்கரையர் அலறினார். "சேந்தா, அவளைக் கட்டி இழுத்து வா!"

சேந்தன் துறையில் இறங்கினான். முழங்கால் நீரில் நின்று, வாளை உறையோடு கழற்றிப் பரிசலில் எறிந்தான்.

"வேளே! கேளும்!" என்று மதிலை நோக்கிக் கூவினான். "இந்தக் கரையில் நஞ்சு உண்டு. அது நம் மதகிலிருந்து வந்த நீர். தங்கள் தாயார் திறந்த ஆதுலர்சாலையின் கதவு இவர்களுக்குத் திறக்கும்வரை கோட்டைக் கிணற்றின் நீர் என் நாவில் படாது. இவர்கள் குடிப்பதையே நானும் குடிப்பேன். பெண்ணையாற்றின்மேல் ஆணை!"

குனிந்து, கலங்கிய அந்த நீரை இரு கையாலும் அள்ளிக் குடித்தான். "ஐயோ, வேண்டாம்!" என்று மருதி அலறியது அக்கரைவரை கேட்டது. அவன் வாயைத் துடைத்துக்கொண்டு அவளருகில் வந்து நின்றான்.

மதில்மேலிருந்து வேளின் குரல் கேட்டது. அதில் அரச கம்பீரம் இல்லை.

"கொங்கரையரே, பந்தங்களை நீரில் அணைத்துவிடும். ஓடங்கள் திரும்பட்டும். கஷாயப் பானைகளை ஏற்றிக்கொண்டு மறுபடி போகட்டும். சாலையின் கதவைத் திறந்து வையுங்கள்."

பந்தங்கள் சீறிக்கொண்டு அணைந்தன. ஆனால் ஓடங்கள் நகரவில்லை. ஓடக்காரர்கள் துடுப்பை மடியிலிருந்து எடுக்காமல் தென்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் இருக்குடி. நீலி மவன் பேர விட்டுட்டே" என்றது குடிசைக்குள்ளிருந்து அத்தையின் குரல்.

மருதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் குச்சிகளை எடுத்தாள்.