ஒளிராத ஈரல்

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குள் வந்தபோது செவிலியின் காலில் செருப்பு இல்லை. சற்றுமுன்தான் அதைக் கழற்றி வாங்கிப் பையில் கட்டிச் சோதனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாற்காலியில் உட்காரக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. தான் தொட்டதெல்லாம் கெட்டுப்போய்விடும் என்பது போல இரண்டு கைகளையும் உடம்பை விட்டு விலக்கியே வைத்திருந்தாள்.

அந்த அதிகாரியை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கதிர்வீச்சை அளக்கும் கதிர்மானி ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். தீப்பிடித்தது என்று சொன்னாலும், எந்த அறையில் என்று நிதானமாகக் கேட்கக்கூடிய ஆள். எதிரே ஸ்கேன் எடுப்பவர், விஷயத்தைக் கொட்டிவிடத் துடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மீட்டர்.

அவள் சொன்னாள். நேற்று மதியம் ஓர் அச்சகக்காரருக்கு ஈரல் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது. இடது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஈரல்வரை செலுத்தி, கதிர்வீச்சு ஏற்றிய கண்ணாடி மணிகளை மருத்துவர் கட்டிக்குள் அனுப்பினார். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத மணிகள், லட்சக்கணக்கில். நோயாளிக்குக் கை மரத்துப்போக ஒரு ஊசி, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரமும் அவர் விழித்தபடி அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார். மணிகள் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று மட்டும் நாலு தடவை கேட்டார். முடிந்தபின் குப்பியில் மிச்சம் எதுவும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும் முன் அவர் வயிற்றருகே கதிர்மானியைப் பிடித்து அளவைக் குறித்தவள் அவள்தான்.

இன்று காலை அவர் ஸ்கேனுக்கு வந்துபோனார். விளக்குப் போட்டது போல ஒளிர வேண்டிய ஈரல் படத்தில் இருட்டாக இருந்தது. உடம்பில் வேறெங்கும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அப்படியானால் மணிகள் வெளியேதான் சிந்தியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டிச் சிகிச்சை அறையைப் பூட்டினார்கள். அளக்காமலே ஏதோ ஓர் எண்ணை எழுதிவிட்டாள் என்று துறைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

"வீட்ல எட்டு மாசக் குழந்தை இருக்கு சார். நேத்து போனதும் அவனைத் தூக்கினேன்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "இப்போ நான் நெஜமாவே அளந்தேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

மீட்டர் அவள் கைகளையும் தலைமுடியையும் தானே அளந்தார். ஒன்றுமில்லை. செருப்பிலும் பூட்டிய அறையிலும்கூட ஒன்றுமில்லை என்று தகவல் வந்தது. மணிகளின் கதிர்வீச்சு ராத்திரியோடு ராத்திரியாகத் தேய்ந்து போயிருக்குமோ என்று அவள் கேட்டாள். பாதியாகக் குறையவே இரண்டரை நாளுக்கு மேல் ஆகும் என்றார் அவர்.

ஸ்கேன் எடுப்பவர் தன் ஊகங்களை அவிழ்த்துவிட்டார். யாரோ திருடியிருக்கலாம், அல்லது குப்பி வரும்போதே காலியாக இருந்திருக்கலாம். குப்பியை நேற்றுக் காலை அளந்தது நான்தான் என்று மீட்டர் சொன்னதும் அவர் முகம் சற்றுத் தொங்கிப்போயிற்று. காலையில் ஸ்கேனுக்கு வந்தவர் எப்படி இருந்தார், என்ன பேசினார் என்று மீட்டர் விசாரித்தார்.

"நல்ல மனுஷன் சார். நேத்து எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன், மயக்கத்துல ஒண்ணுமே தெரியலன்னார். வலது கையில கட்டு. அதனால இடது கையாலதான் கையெழுத்தைக் கிறுக்கினார்."

செவிலி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று ஸ்கேன் எடுப்பவரிடம் கேட்டார் மீட்டர்.

"இல்ல சார். போன தடவை அவர் வந்தப்போ எனக்கு வேற ஷிப்ட்."

"படத்துல பித்தப்பை தெரியுதா பாருங்க."

அவர் கணினியில் தேடினார். "தெரியுதே. நல்லாவே தெரியுது."

மீட்டர் கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அச்சகக்காரரின் பித்தப்பையை ஆறு வருஷத்துக்கு முன்பே அறுவை செய்து எடுத்துவிட்டார்கள்.

"எல்லாரும் இவங்க எழுதின எண் பொய்னு ஆரம்பிச்சாங்க. நான் அது நெஜம்னு ஆரம்பிச்சேன். நெஜம்னா மருந்து அவர் உடம்புலதான் இருக்கு. இருந்தா படத்துல தெரியணும். தெரியலன்னா, படுத்த ஆள் அவர் இல்ல. கட்டு எந்தக் கையிலன்னும் தெரியாம, மயக்கம் குடுத்தாங்களான்னும் தெரியாம வந்த ஒருத்தர்."

செவிலிக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒரு பயம் விலகிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அப்படியானால் அந்த மனிதர் எங்கே?

கோப்பில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். எடுத்தது அச்சகக்காரரின் தம்பி. அண்ணனை உரித்து வைத்தாற்போல இருப்பவன். இரண்டாவது கேள்விக்கே உடைந்துவிட்டான். அண்ணன் ராத்திரி முழுக்க இருமினாராம். மணிகள் நுரையீரலுக்குப் போய்விட்டன, அதை யார் வாயாலும் கேட்க மாட்டேன் என்று அச்சகத்தில் காகிதம் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது என்று காட்ட ஒரு சீட்டு கிடைத்தால் அண்ணிக்காவது நிம்மதி என்று, தானே கையில் கட்டைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அதனால் இங்கே ஓர் உயிர் நடுங்கும் என்று அவனுக்குத் தெரியாது.

யாரும் கூப்பிடாமலே செவிலியும் மீட்டரோடு அச்சகத்துக்குக் கிளம்பினாள். யாருடையதோ பழைய செருப்பு காலைக் கடித்தது.

காகிதக் கட்டுகளுக்கு நடுவே அச்சகக்காரர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீட்டர் கதிர்மானியை நீட்டியதும் அது படபடவென்று அடித்துக்கொண்டது. மருந்து உள்ளேதான் இருந்தது. ஆனால் உடம்பில் எந்த இடத்தில் என்பதை ஸ்கேன்தான் சொல்ல முடியும்.

"நுரையீரல்னு வந்துட்டா?" என்று கேட்டார் அச்சகக்காரர்.

இல்லை என்று சொல்லத்தான் செவிலி வாயெடுத்தாள். பொய் வரவில்லை. "எனக்குத் தெரியாதுண்ணே. நானும் காலையிலேர்ந்து நடுங்கிக்கிட்டுதான் இருக்கேன். வாங்க, சேந்தே பாப்போம்."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

ஸ்கேன் அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் செவிலி, மீட்டர், ஸ்கேன் எடுப்பவர், கூடவே வந்த தம்பி என நான்கு பேரும் நின்றார்கள். படம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. நுரையீரல் இரண்டும் கருப்பு. அதற்குக் கீழே, ஈரலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்த இடத்தில் மட்டும், கனலும் கரிபோல ஒரு வெளிச்சம். தம்பி சுவரில் சாய்ந்து அழுதான்.

செவிலி உள்ளே போய்ச் சொன்னாள். அச்சகக்காரர் கேட்டுக்கொண்டார், ஆனால் ஸ்கேன் மேசையை விட்டு எழவில்லை.

"எறங்கலாம்ண்ணே. முடிஞ்சுது."

"தெரியுதும்மா," என்றார் அவர். "கால் இன்னும் நம்ப மாட்டேங்குது. ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்."