சுருட்டையின் யானை எங்கே போனது?

மார்ச் 14, செவ்வாய்

இன்று ஒரு சின்னத் தப்புச் செய்தேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாமல் இருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். பத்து நிமிடமாகக்கூட இருக்கலாம்.

எங்கள் மாலை வகுப்பில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மூன்றிலும் லினக்ஸ்தான். மானிட்டர்களோ பின்னால் பெரிய தொந்தி வைத்த அந்தக் காலத்து மானிட்டர்கள். என்னுடையதை நான் தினமும் துணியால் துடைப்பேன். பக்கத்தில் இருக்கும் சுருட்டை துடைக்கவே மாட்டாள். தலைமுடி சுருண்டிருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மானிட்டரைச் சுற்றி அவள் நட்சத்திர ஸ்டிக்கர்களாக ஒட்டி வைத்திருந்தாள்.

போன வாரம் அவளுடைய மானிட்டர் 'டப்' என்று அணைந்துபோனது. இன்று அவளுக்குப் புத்தம் புதிய தட்டை மானிட்டர் வந்தது!

துடைத்து வைத்தவளுக்குத் தொந்தி மானிட்டர். ஸ்டிக்கர் ஒட்டியவளுக்குப் புதுசு. எனக்கு வயிறு எரிந்தது.

"ஏய், எவ்வளவு ஒல்லியா இருக்கு பாரு!" என்று சுருட்டை குதித்தாள். பெட்டியைப் பிரித்த கையோடு அதன் மூலையில் ஒரு நட்சத்திரத்தையும் ஒட்டிவிட்டாள்.

"ம்" என்றேன்.

வகுப்பு எடுக்கும் அக்கா மானிட்டரை மாட்டிவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டார். முதலில் வெள்ளை எழுத்துகள் ஓடின. பிறகு திரை கறுப்பானது. அப்படியே நின்றுவிட்டது.

அக்கா வயரைக் கழற்றி மாட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். மறுபடி எழுத்து ஓடியது, மறுபடி கறுப்பு.

"நேயர்களே, திரையில் தற்போது நள்ளிரவு" என்றான் ரேடியோ. மூன்றாவது கம்ப்யூட்டர்க்காரன். வாய் ஓயாததால் அவன் ரேடியோ.

"சும்மா இருடா" என்றார் அக்கா. "பழுது பாக்குற அண்ணனும் ஊர்ல இல்லையே."

"என் யானை உள்ளே மாட்டிக்கிச்சு அக்கா" என்றாள் சுருட்டை. தம்பிப் பாப்பாவுக்காக அவள் வரைந்துகொண்டிருந்த யானை அது.

எனக்கு அப்போதுதான் 'சுரீர்' என்றது. காரணம் எனக்குத் தெரியும்!

தொந்தி மானிட்டர்கள் மினுக்மினுக்கென்று மின்னி, கண்ணை வலிக்க வைக்கும். அதற்கு அந்த அண்ணன் எனக்கு ஒரு வழி காட்டியிருந்தார். திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுத வேண்டும். எண்பத்தைந்து என்று எழுதினால் மினுக்கல் நின்றுவிடும். சுருட்டை கண் வலிக்கிறது என்றபோது அவளுடைய கம்ப்யூட்டரிலும் நான்தான் அதை எழுதினேன். தட்டை மானிட்டரால் அவ்வளவு வேகமாக ஓட முடியாதோ? அதன் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எழுபத்தைந்து வரைதான் என்று போட்டிருந்தது.

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா என்னைப் பார்த்தார்.

"இந்த மானிட்டருக்கும் அவ கம்ப்யூட்டருக்கும் ஒத்துப்போகலை போல. நாளைக்கு இதை உன் கம்ப்யூட்டர்ல மாட்டிடலாம். உன்னோடதை அவளுக்குக் கொடுத்துடலாம். சரியா?"

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

எனக்குப் புதுசு. அவளுக்கு நான் பளபளவென்று துடைத்த பழசு. அதில் அவளுடைய யானையும் தெரியும். யாருக்கு என்ன நஷ்டம்?

சுருட்டை அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. புது மானிட்டரின் மூலையில் இருந்த நட்சத்திரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டினாள்.

"என்னடி பண்றே?" என்று கேட்டேன்.

"உனக்கு ஸ்டிக்கர் பிடிக்காதில்ல? அதான் எடுக்கிறேன். உன்கிட்டயே இருக்கட்டும். நான் தொட்டாலே எல்லாம் கெட்டுப்போகுது. அதையும் கெடுத்தேன், இதையும் கெடுத்துட்டேன்."

"நீ ஒண்ணும் கெடுக்கலை" என்றேன். "அக்கா, நான் ஒரு தடவை பாக்கட்டுமா? தப்பாவும் போகலாம்."

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்-மூன்று. மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

"பேய் எழுதுது!" என்றான் ரேடியோ.

"பேய் இல்லை. படம் வராட்டியும் எழுத்து வரும்."

அக்கா கடவுச்சொல்லைப் போட்டார். நான் அந்தக் கோப்பைத் திறந்தேன். எண்பத்தைந்து என்ற வரி அங்கேயே இருந்தது. சரியான வரிதானா என்று மூன்று தடவை படித்தேன்.

"நேயர்களே, மருத்துவர் இன்னும் யோசிக்கிறார்."

அழித்தேன். சேமித்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன்.

எழுத்து ஓடியது. கறுப்பு. பிறகு திரை முழுக்க நீலம் வந்தது! சுருட்டை பாய்ந்து வந்து தன் படத்தைத் திறந்தாள். பாதித் தும்பிக்கையோடு யானை நின்றது.

"என் யானை!" என்று அவள் கத்தியதில் ரேடியோவே காதைப் பொத்திக்கொண்டான்.

"காரணம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் அக்கா.

"அந்த எண்ணை எழுதினதே நான்தான் அக்கா. கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

அக்கா என்னையும் புது மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லிட்டியே" என்றார்.

பொறாமை போய்விட்டதா? இல்லை. அவ்வளவு பளிச்சென்ற நீலம் என் பழைய மானிட்டரில் வரவே வராது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் கிளம்பும்போது, சுரண்டி எடுத்த நட்சத்திரத்தைச் சுருட்டை என் தொந்தி மானிட்டரின் நெற்றியில் ஒட்டிவிட்டாள். பசை பாதி போய், கோணலாகத் தொங்கியது. நான் அதை எடுக்கவில்லை.

நாளைய வேலை: என் கம்ப்யூட்டரிலும் ரேடியோவின் கம்ப்யூட்டரிலும் அந்தக் கோப்பில் 'தட்டை மானிட்டர் மாட்டும் முன் இந்த எண்ணை அழிக்கவும்' என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். மானிட்டரைத் துடைக்கும்போது நட்சத்திரத்தைச் சுற்றித் துடைக்க வேண்டும்.